ஊருக்கு ஒரு டீம்... டீமுக்கு ஒரு ஊர்!

தி.நகர் பிளாட்பாரத்தில் தொப்பி வாங்கியிருக்கிறீர்களா? 'என்' எழுத்தின் மேல் 'ஒய்' ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு முத்திரை இருக்குமே... அதேதான்! உங்க கிளாஸில் யாராவது ஒருத்தராவது அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரிவார். அது நியூயார்க் யாங்கீஸ் என்கிற பேஸ்பால் டீமின் முத்திரை. கோடிகளில் சம்பளம், ஊரே அடைக்கிற ஸ்டேடியம், டிவி, விளம்பரம் என்று எல்லாமே பிரமாண்டம்.

இந்தக் கட்டுரை அந்த டீமைப் பற்றியது இல்லை பாஸ்!

அதே நியூயார்க் மாநிலத்தின் இன்னொரு கோடியில், நயாகரா அருவி இருக்கிற மேற்கு மூலையில், பட்டேவியா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 15 ஆயிரம். நம்ம ஊர்ப் பெரிய இன்ஜினீயரிங் காலேஜ் ஒன்றிரண்டைச் சேர்த்தால் வந்துவிடுகிற கூட்டம், அவ்வளவுதான். சுற்றிலும் வயல், மாட்டுப் பண்ணை, வெங்காயக் காடு. இந்த ஊருக்கு 1939-லேயே சொந்தமாக ஒரு புரொஃபஷனல் பேஸ்பால் டீம் இருந்தது. அந்த டீம் எப்படிப் பிறந்தது, யார் யாரையெல்லாம் உருவாக்கியது, 2020-ல் ஏன் ஓரங்கட்டப்பட்டது, அப்புறம் நம்ம வயசுப் பசங்க வந்து எப்படி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்... இதுதான் கதை.

ஸ்டார்ட் மியூசிக்!

கேம்பஸ் இன்டர்வியூ மாதிரிதான்... ஆனா பஸ் பயணம் அதிகம்!

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு பையன் நன்றாக ஆடினால் பத்தொன்பது வயதிலேயே நேராக இந்தியா டீமுக்குள் நுழைந்துவிட முடியும். பேஸ்பாலில் அது அபூர்வத்திலும் அபூர்வம். காலேஜிலோ ஸ்கூலிலோ நன்றாக ஆடுகிறவர்களை மேஜர் லீக் டீம்கள் 'டிராஃப்ட்' என்ற முறையில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். 2019 வரை இதில் 40 ரவுண்டுகள். மொத்தம் 30 டீம்கள். அப்படியென்றால் வருஷத்துக்குச் சுமார் 1,200 பேர்.

"ஆஹா, பிளேஸ் ஆயிட்டோம்!" என்று குதிக்க முடியாது. ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள் அவர்கள் போய் நிற்கிற இடம் மைனர் லீக். அது ஒரு ஏணி. கீழ்ப்படியில் ரூக்கி, அதற்கு மேல் (2020 வரை) ஷார்ட் சீசன், அப்புறம் சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. இத்தனையும் ஏறி முடித்தால்தான் மேஜர் லீக். பாதி ராத்திரியில் பஸ் பிடித்து, விடிகாலையில் ஏதோ ஒரு சின்ன ஊரில் இறங்கி, சாயங்காலம் மேட்ச் ஆடி, மறுபடி பஸ். இப்படியே நாலு வருஷம், அஞ்சு வருஷம் ஓடும். பத்துப் பேர் ஏறினால் ஒருத்தர் மேலே போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம் என்பது அங்கே ரொம்ப காலமாகச் சொல்கிற கணக்கு.

அந்த ஏணியின் கீழ்ப்படிகள் எல்லாம் எங்கே இருந்தன? பெரும்பாலும் பட்டேவியா மாதிரி ஊர்களில்தான்!

இந்த ஏணியை ஒழுங்காகக் கட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமின் நிர்வாகி. பணக்கார டீம்களோடு போட்டி போட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க முடியவில்லை. 'வாங்க முடியலேன்னா என்ன, நாமே விளைவிச்சுக்கலாம்' என்று 1920-களில் சின்ன ஊர் டீம்களை வளைத்துப் போட ஆரம்பித்தார். அதனாலேயே இதற்கு 'ஃபார்ம் சிஸ்டம்' என்று பெயர் வந்தது. ஃபார்ம் என்றால் பண்ணை! 1940 வாக்கில் கார்டினல்ஸிடம் மட்டும் 30-க்கும் மேற்பட்ட பண்ணை டீம்கள் இருந்தன. மற்ற டீம்களும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன.

ஹோட்டலில் பிறந்த குட்டிக் குதிரை

1939. உலகப் போர் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு. பட்டேவியாவில் ரிச்மண்ட் என்று ஒரு ஹோட்டல். அங்கே சில பேர் கூடிப் பேசி ஒரு புது லீக்கைத் தொடங்கினார்கள். பென்சில்வேனியா, கனடாவின் ஒன்டாரியோ, நியூயார்க் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'போனி லீக்' என்று பெயர் வைத்தார்கள். இங்கிலீஷில் போனி என்றால் குட்டிக் குதிரை. 1957-ல் இதுவே நியூயார்க்-பென் லீக் என்று பெயர் மாறியது.

லீக்கைப் பெற்றெடுத்த ஊருக்கு ஒரு டீம் வேண்டாமா? பட்டேவியா கிளிப்பர்ஸ் உருவானது. 'கிளிப்பர்' என்றதும் கப்பல் என்றோ, முடி வெட்டுகிற மெஷின் என்றோ நினைக்காதீர்கள். அந்த ஊரில் மாஸி-ஹாரிஸ் என்ற விவசாயக் கருவி ஃபாக்டரி இருந்தது. அவர்கள் தயாரித்த அறுவடை இயந்திரத்தின் பெயர் கிளிப்பர். ஊர்க்காரர்கள் பகலில் செய்த மெஷினின் பெயர்தான் சாயங்காலம் அவர்கள் கைதட்டிய டீமின் சட்டையில் இருந்தது! மெக்கானிக்கல் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

பின்னாளில் அந்த ஃபாக்டரியும் மூடப்பட்டது. ஊரின் மையத்தில் இருந்த பழைய கடைத்தெருக் கட்டடங்களில் பெரும்பகுதி 'நகர சீரமைப்பு' என்ற பெயரில் இடிக்கப்பட்டு, அங்கே ஒரு மால் எழும்பியது. பழைய ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனபோதும் மைதானம் மட்டும் அதே இடத்தில் நின்றது.

டி.வி. வந்தது, ஏ.சி. வந்தது... கூட்டம் போச்சு!

மைனர் லீக்கின் பொற்காலம் எது தெரியுமா? 1949. அந்த ஒரு வருஷத்தில் அமெரிக்கா முழுக்க 59 லீக்குகள், 400-க்கும் மேற்பட்ட டீம்கள். டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட 4 கோடி! போர் முடிந்து வந்த பையன்கள் ஆட, ஊரே போய் உட்கார்ந்து பார்த்தது. அந்தக் காலத்துச் சின்ன ஊரில் சாயங்காலம் ஆனால் போக வேறு இடம் ஏது?

அப்புறம் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. நியூயார்க்கில் நடக்கிற பெரிய மேட்சையே சோபாவில் சாய்ந்தபடி பார்க்கலாம் என்றால், வெயில் தாழ எழுந்து போய் உள்ளூர் டீமைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? ஏ.சி.யும் வந்துவிட்டது. வியர்க்கிறது என்று வெளியே வந்தவர்களும் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் லீக்குகளின் எண்ணிக்கை 20-க்கும் கீழே இறங்கியது. கூட்டம் நாலில் ஒரு பங்காகிவிட்டது. பட்டேவியாவுக்கும் அடி விழுந்தது. 1950-களில் சில வருஷங்கள் ஊரில் டீமே இல்லை.

இந்த நேரத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. ஆட்டக்காரர்களின் சம்பளத்தை மேல இருக்கிற மேஜர் லீக் டீம் பார்த்துக்கொள்ளும். மைதானம், விளக்கு, டிக்கெட், பாப்கார்ன், சோடா, புல் வெட்டுகிற செலவு எல்லாம் ஊர்ப் பொறுப்பு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊருக்குக் கை கொடுத்ததும் இந்த ஏற்பாடுதான், காலை வாரியதும் இதேதான்!

பட்டேவியா 1961-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கிளை டீமாக மறுபடி களம் இறங்கியது. இங்கே முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டீம் லாப நோக்கமில்லாத ஓர் உள்ளூர் கிளப்பின் கையில் இருந்தது. ஊர்க்காரர்களே டிக்கெட் விற்றார்கள், பெயின்ட் அடித்தார்கள், கமிட்டியில் உட்கார்ந்து சண்டையும் போட்டார்கள். பல வருஷம் கிளப்பைத் தாங்கிப் பிடித்த எட்வர்ட் டுவயர் என்பவரின் பெயரைத்தான் 1973-ல் மைதானத்துக்கு வைத்தார்கள். ஸ்பான்சர் கம்பெனியின் பெயர் இல்லை, கோடீஸ்வரர் பெயரும் இல்லை. உழைத்த ஓர் ஊர்க்காரரின் பெயர்!

1961: பெரிய ஊர்கள் செய்யாததை...

ஜாக்கி ராபின்சன் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1947-ல் மேஜர் லீக்கின் நிறவெறிச் சுவரை உடைத்து உள்ளே நுழைந்த கறுப்பின வீரர். அவரும் முதல் வருஷம் மான்ட்ரியலில் மைனர் லீக் ஆடிவிட்டுத்தான் மேலே போனார். அவரை ஒப்பந்தம் செய்தவர் வேறு யாருமில்லை, நாம் மேலே பார்த்த அதே பிராஞ்ச் ரிக்கிதான்.

ஆட விட்டார்கள். சரி. ஆனால் ஒரு கறுப்பினத்தவரின் கையில் டீமை ஒப்படைத்தார்களா? 'நீ சொல்லு, நாங்க ஆடறோம்' என்று வெள்ளைக்காரப் பையன்களை அவர் முன்னால் நிற்க வைத்தார்களா? மேஜர் லீக்கில் அது நடக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிராங்க் ராபின்சன் அந்த வருஷம்தான் கிளீவ்லாண்டின் மேனேஜர் ஆனார்.

பட்டேவியாவில் அது 1961-லேயே நடந்துவிட்டது! ஜீன் பேக்கர். 1953-ல் சிகாகோ கப்ஸ் டீமுக்குள் எர்னி பேங்க்ஸோடு சேர்ந்து நுழைந்த ஆட்டக்காரர். அவரை பைரேட்ஸ் நிர்வாகம் பட்டேவியாவின் மேனேஜராகப் போட்டது. அமெரிக்காவில் ஒரு மேஜர் லீக் கிளப் தன் கிளை டீமுக்கு நியமித்த முதல் கறுப்பின மேனேஜர் என்று அவரைத்தான் பேஸ்பால் சரித்திரம் குறிப்பிடுகிறது. தென் மாநிலங்களில் பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காரலாம் என்பதற்கே ரத்தம் சிந்திக்கொண்டிருந்த வருஷம் அது. பட்டேவியாவின் சரித்திரத்தில் வேறு எதுவுமே இல்லையென்றாலும் இந்த ஒரு பக்கம் போதும்.

சேற்று நாய்கள் பராக்... பராக்!

1988-ல் 'புல் டர்ஹாம்' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. மைனர் லீக் ஆட்டக்காரர்களின் பஸ் வாழ்க்கை, காதல், ஏமாற்றம், நக்கல் என்று சகலமும் அதில் உண்டு. டைரக்டர் ரான் ஷெல்டனே ஒரு காலத்தில் மைனர் லீக் ஆடியவர். படம் ஹிட். சின்ன ஊர் பேஸ்பாலுக்கு மறுபடி மவுசு வந்தது. டீம்களும் உஷாராகிவிட்டன. தொப்பியும் டி-ஷர்ட்டும் விற்க வேண்டுமா, பெயரிலேயே சிரிக்க வை!

பெயர்களைப் பாருங்கள். ஜாக்சன்வில் ஜம்போ ஷ்ரிம்ப் (பெரிய இறால்!). மான்ட்கோமரி பிஸ்கட்ஸ். ஹார்ட்ஃபர்ட் யார்ட் கோட்ஸ். அல்புகர்க்கி ஐசோடோப்ஸ் (கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் விசில் அடிக்கலாம்!).

பட்டேவியாவும் 1998-ல் பெயரை மாற்றியது: மக்டாக்ஸ். 'மக்' என்றால் கறுப்புச் சேறு. பட்டேவியாவுக்குப் பக்கத்தில் எல்பா என்று ஒரு கிராமம். சதுப்பு நிலத்தை வடியவைத்து விவசாய நிலமாக்கிய பகுதி அது. கன்னங்கரேல் என்ற அந்த மண்ணில் வெங்காயம் அமோகமாக விளைகிறது. எல்பாவில் வெங்காயத்துக்குத் திருவிழாவே எடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அந்த மண்ணின் பெயரோடு ஒரு முரட்டு நாயைச் சேர்த்தால் மக்டாக்ஸ். 1939-ல் ஃபாக்டரி மெஷினின் பெயர், 1998-ல் மண்ணின் பெயர். ஊரின் சோறு எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான் டீமின் பெயரும் வந்திருக்கிறது.

மைதானமும் அதற்குள் புதுசாகிவிட்டது. 1990-ல் மேஜர் லீக் 'உங்க ஸ்டேடியம் இப்படி இப்படி இருக்கணும்' என்று கண்டிஷன்களை இறுக்கியது. 1996-ல் டுவயர் ஸ்டேடியத்தைத் திருப்பிக் கட்டினார்கள்.

அந்த மைதானத்தில் 2000-ம் வருஷம் ஒரு பையன் வந்து ஆடினான். பெயர் சேஸ் அட்லி (நம்ம டைரக்டர் இல்லை சாமி!). அடுத்த வருஷம் இன்னொருத்தன், ரயன் ஹோவர்ட். அப்போது பட்டேவியா ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸின் கிளை. இரண்டு பேரையும் வெளியூரில் யாருக்கும் தெரியாது. 2006-ல் ஹோவர்ட் 58 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தட்டினார். 2008-ல் இரண்டு பேரும் சேர்ந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு உலகத் தொடர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்கள். தற்செயலைப் பாருங்கள்... அதே 2008-ல் பட்டேவியா மக்டாக்ஸும் நியூயார்க்-பென் லீக் சாம்பியன்!

'அவன் எங்க ஊர்ல ஆடினவன்பா' என்று சொல்லிக்கொள்கிற சுகம் இருக்கிறதே... அதற்கு விலை கிடையாது. ஆனால் அதற்கும் விலை போட ஒரு கூட்டம் கால்குலேட்டரோடு காத்திருந்தது.

மாசம் 1,100 டாலர்!

முதலில் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஊர் இத்தனை சந்தோஷமாகப் பார்த்த அந்தப் பையன்கள் என்ன சம்பளம் வாங்கினார்கள்?

2010-களில் ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு மாதம் சுமார் 1,100 டாலர். அதுவும் சீசன் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். ஷார்ட் சீசன் என்றால் ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் ஆரம்பத்தில் முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். டிராஃப்டில் முதலில் எடுக்கப்படுகிறவர்களுக்குக் கோடிகளில் போனஸ் கிடைக்கும். கடைசி ரவுண்டுகளில் வருகிற காலேஜ் சீனியர்களில் சிலர் 1,000 டாலருக்கே கையெழுத்துப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, சோறும் போட்டதால்தான் பல பேர் தாக்குப் பிடித்தார்கள்.

2014-ல் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் 'குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எங்களுக்குக் கிடையாதா?' என்று வழக்குப் போட்டார்கள். நியாயமான கேள்விதானே? 2018 மார்ச்சில் பதில் வந்தது. கோர்ட்டிலிருந்து இல்லை, நாடாளுமன்றத்திலிருந்து! அரசாங்கச் செலவுகளுக்கான 2,232 பக்க மசோதாவுக்குள் ஒரு குட்டிப் பிரிவு ஒளிந்திருந்தது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தால் போதும், எத்தனை மணி நேரம் வேலை வாங்கினாலும் ஓவர்டைம் கிடையாது. அந்தச் சட்டத்தின் பெயர்? 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்' சட்டம்! சிரிக்கிறதா, அழுகிறதா?

சட்டம் வந்தால் மைனர் லீக் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் சொன்னார்கள். ஊர்களும் நம்பின.

42 ஊர்களின் லிஸ்ட்

அடுத்த வருஷமே குண்டு விழுந்தது. 2019 இறுதியில் ஒரு லிஸ்ட் வெளியானது. கத்தரித்துவிடலாம் என்று மேஜர் லீக் யோசித்து வைத்திருந்த 42 டீம்கள். அதில் பட்டேவியாவும் இருந்தது.

காரணங்கள் அடுக்கப்பட்டன. ஸ்டேடியம் தரமாக இல்லை, பயண தூரம் அதிகம், இத்தனை ஆட்டக்காரர்கள் தேவையே இல்லை. இன்ஜினீயரிங் மூளைக்கு இது புரியும். இப்போது கேமரா, சென்சார், டேட்டா எல்லாம் வந்துவிட்டன. பந்து எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, பேட்டிலிருந்து எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதை லேபிலேயே அளக்கலாம். 1,200 பேரை எடுத்து, ஊர் ஊராக அனுப்பி, யார் தேறுகிறார்கள் என்று காத்திருப்பது அவர்கள் கண்ணுக்கு வேஸ்ட். எஃபிஷியன்சி பாஸ்!

100-க்கும் மேற்பட்ட அமெரிக்க எம்.பி.க்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து! பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே கொரோனா வந்தது. 2020-ல் மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்து. டிக்கெட் வருமானத்தில் வாழ்கிற டீம்களின் கையில் காசே இல்லை. எதிர்த்து நிற்க யாருக்குத் தெம்பு இருக்கும்? செப்டம்பரில் பழைய ஒப்பந்தம் காலாவதியானது. 160 ஆக இருந்த கிளை டீம்களின் எண்ணிக்கை 120 ஆனது. டிராஃப்டும் 40 ரவுண்டிலிருந்து அந்த வருஷம் 5-ஆகச் சுருங்கி, பிறகு 20-ல் வந்து நின்றது.

நியூயார்க்-பென் லீக் மொத்தமாகக் கலைந்தது. கடைசியாக இருந்த 14 டீம்களில் மூன்றை மட்டும் மேல்படிக்கு அழைத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று புரூக்ளின். மிச்சம் பதினொன்றுக்கும் டாட்டா. 1939-ல் லீக்கைத் தொடங்கிய ஊர்களில் கடைசி வரை அதில் நின்றது பட்டேவியா. தாயும் பிள்ளையும் ஒரே நாளில் வெளியே!

பழைய ஏற்பாடு ஞாபகம் இருக்கிறதா? ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மேலே இருப்பவர்கள். அதனால் ஆட்டக்காரர்களும் அவர்களுடையவர்கள். ஊரிடம் மிஞ்சியது மைதானமும் தொப்பியும்தான்.

ஒரு நிமிஷம்... கதையை 'பெரியவன் கெட்டவன், சின்னவன் நல்லவன்' என்று முடித்துவிடக் கூடாது. மிஞ்சிய ஆட்டக்காரர்களின் நிலைமை நிஜமாகவே மாறியது. 2022-ல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் யூனியனில் சேர்ந்தார்கள். 2014-ல் போட்ட வழக்கு 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. 2023 ஒப்பந்தப்படி டிரிபிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 35,800 டாலர், கடைசிப் படியில் இருப்பவருக்கே 19,800 டாலர். முன்பு ஆயிரத்தில் தவித்தவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

அப்படியானால் எது சரி? நிறைய பேருக்கு ஒரு சின்ன வாய்ப்பா, கொஞ்சம் பேருக்கு ஒரு நல்ல சம்பளமா? ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து விவாதித்துப் பாருங்கள். சாதம் ஆறிவிடும், பதில் கிடைக்காது. ஆனால் ஒன்று நிச்சயம். கூடுதல் சம்பளத்துக்கான பணத்தை 40 ஊர்களின் சாயங்காலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று யாரும் தலையில் எழுதி வைக்கவில்லை.

நம்ம வயசுப் பசங்க!

காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாடு மேய்க்கலாம், பிளாட் போடலாம். பட்டேவியா வேறொன்று செய்தது.

எல்மைராவில் டீம் நடத்திக்கொண்டிருந்த ராபி நிக்கல்ஸ், நெல்லி நிக்கல்ஸ் தம்பதி பட்டேவியாவுக்கு வந்தார்கள். 2021 கோடையில் மக்டாக்ஸ் அதே பெயரோடு, அதே டுவயர் ஸ்டேடியத்தில் மறுபடி இறங்கியது. ஆனால் இந்த முறை ஆட்டக்காரர்கள் புரொஃபஷனல்கள் இல்லை. காலேஜ் ஸ்டூடன்ட்ஸ்!

கோடை விடுமுறை காலேஜ் லீக் என்பது அங்கே பழைய வழக்கம். பட்டேவியா சேர்ந்தது 'பெர்ஃபெக்ட் கேம்' காலேஜ் லீக்கில். செமஸ்டர் முடிந்ததும் வெவ்வேறு காலேஜ் பசங்க வந்து சேருவார்கள். ஜூன், ஜூலை முழுக்க ஆட்டம். சம்பளம் கிடையாது. வாங்கினால் காலேஜில் ஆடுகிற தகுதி போய்விடும். ஊர்க்காரர்கள் வீட்டில் தங்கல், பஸ் பயணம், ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடல்.

ஏன் வருகிறார்கள்? இங்கே ஒரு டெக்னிக்கல் மேட்டர் இருக்கிறது. அமெரிக்கக் காலேஜ் மேட்ச்சுகளில் அலுமினியம் மாதிரி உலோக பேட்டோ, கூட்டுப்பொருள் பேட்டோ உபயோகிக்கலாம். உள்ளே வெற்றிடம். பந்து படும்போது சுவர் லேசாக அமுங்கி, டிராம்போலின் மாதிரி துள்ளவிடும். 2011 முதல் இந்தத் துள்ளலுக்கு ஒரு கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள். ஆனால் புரொஃபஷனல் பேஸ்பாலில் கட்டை பேட் மட்டும்தான். சரியான இடத்தில் பட்டால்தான் பந்து பறக்கும், தப்பினால் கையும் அதிரும், பேட்டும் முறியும். கோடை லீக்கில் கட்டை பேட்டால் ஆடுகிறார்கள். அதனால் ஆட்டக்காரர்களைத் தேடி வருகிற ஆட்களுக்கு இங்கே நிஜமான சரக்கு எது, அலுமினியத்தின் உபயம் எது என்று தெரிந்துவிடும். இன்டர்ன்ஷிப் மாதிரிதான்... சர்ட்டிஃபிகேட்டுக்குப் பதிலாகக் கையில் காய்ப்பு!

இதில் அதிசயம் என்ன தெரியுமா? மேஜர் லீக் முத்திரை போனதும் கூட்டம் குறையவில்லை. கூடியது! புரொஃபஷனல் டீம் இருந்த கடைசி வருஷங்களைவிட, சம்பளமே வாங்காத காலேஜ் பசங்களைப் பார்க்க அதிகம் பேர் வந்தார்கள். எழுத்தாளர் வில் பார்டன்வெர்ப்பர் 2022 சீசன் முழுக்க அந்த ஊருக்குப் போய் மேட்ச் பார்த்து, 2025-ல் 'ஹோம்ஸ்டாண்ட்' என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

ஏன் கூடியது? கையை விட்டுப் போய்த் திரும்பி வந்த பொருளின் அருமை ஒரு காரணம். இன்னொரு காரணம், ஜனங்கள் அங்கே வந்ததே நாளைய சூப்பர் ஸ்டாரைப் பார்க்க மட்டும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ் நடக்கிற நேரத்தில் பக்கத்து சீட்காரரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் காலேஜில் சீட் கிடைத்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். குளம்பி ஆறுகிற வேகத்தில் நடக்கிற ஆட்டம் பேஸ்பால். பேச நிறைய இடைவெளி உண்டு. இந்த விஷயத்தை எந்த ஸ்பிரெட்ஷீட்டிலும் எந்தக் கட்டத்திலும் போட முடியாது. போட முடியாததாலேயே கணக்கு போட்டவர்கள் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொசுறு: நம்ம பசங்க ரெண்டு பேர்!

மைனர் லீக்கில் இந்தியர்களா? உண்டு! 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று இந்தியாவில் ஒரு டி.வி. போட்டி நடந்தது. யார் வேகமாக, குறி தவறாமல் பந்தை எறிகிறார்களோ அவர்களுக்கு அமெரிக்கா டிக்கெட். ஜெயித்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள். பேஸ்பாலைத் தொட்டதே இல்லை! அந்த வருஷமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஆமாம், பட்டேவியாவுக்கு ஜீன் பேக்கரை அனுப்பிய அதே டீம். 2009-ல் ஃபுளோரிடாவின் பிராடென்டனில், ஏணியின் அடிப்படியான ரூக்கி லீக்கில் ஆடினார்கள். மேஜர் லீக் வரை போக முடியவில்லை. ரிங்கு பிற்பாடு டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் 'வீர் மகான்' ஆனார். இவர்கள் கதை 2014-ல் டிஸ்னி படமாக வந்தது. மியூசிக் யார் என்கிறீர்கள்? நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

கடைசியா ஒண்ணு...

பட்டேவியாவில் ஆடிய பெரும்பாலான பையன்களின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அட்லியும் ஹோவர்டும் விதிவிலக்கு. மற்றவர்கள் ஒன்றிரண்டு கோடை ஆடினார்கள், ஏணியில் சறுக்கினார்கள், ஊருக்குத் திரும்பி வாத்தியார் ஆனார்கள், இன்ஷூரன்ஸ் விற்றார்கள், அப்பாவின் வயலைப் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனிக் கணக்கில் அவர்கள் தேறாத சரக்கு. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அட்லிக்குப் பந்து போட ஆளில்லை, ஹோவர்டை அவுட் ஆக்கப் பார்க்கவும் ஆளில்லை. பட்டேவியாவுக்குச் சாயங்காலமும் இல்லை.

நீங்களும் இப்போது ஏதோ ஒரு காலேஜ் டீமில், நாடகக் குழுவில், கோலப் போட்டிக் கமிட்டியில் இருக்கலாம். 'இதனால என்ன பிரயோஜனம், ரெஸ்யூமேல போட முடியுமா?' என்று யாராவது கேட்பார்கள். அப்போது கோபப்படாதீர்கள். 'வெங்காயம் விளையுற ஊர்ல ஒரு டீம் இருக்கு, தெரியுமா?' என்று ஆரம்பியுங்கள்.

அவர் முடிவு வரை கேட்டால், அடுத்த பிராக்டிஸுக்கு ஓர் ஆள் கூடுதல்!